புதிய லேப்டாப்பில் அழையாத விருந்தாளிகள்!

புது வீட்டுக்குக் குடி போகிறோம். கதவைத் திறந்தால், முன்பின் தெரியாத நாலு பேர் உள்ளே பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள்! "யார் நீங்கள்?" என்று கேட்டால், "வீட்டைக் கட்டியவர்தான் எங்களை இருக்கச் சொன்னார்" என்கிறார்கள். நமக்கு எப்படி இருக்கும்?

நாம் பணம் கொடுத்து வாங்கும் புதிய லேப்டாப்பிலும் இப்படிச் சிலர் குடியிருப்பது உண்டு. அவர்கள் மனிதர்கள் அல்ல. நாம் கேட்காமலே ஏற்றி அனுப்பப்பட்ட "சாப்ட்வேர்"கள்!

யார் வைத்தது?

விளையாட்டுகள், விளம்பரங்கள், சில நாள் மட்டும் இலவசமாக ஓடும் வைரஸ் தடுப்பு... இவற்றைத் தயாரிப்பவர்கள், லேப்டாப் கம்பெனிக்குப் பணம் கொடுத்து உள்ளே வைக்கிறார்கள். இவை இடத்தை அடைக்கும். வேகத்தைக் குறைக்கும்.

தொல்லை அதோடு நிற்பதில்லை.

ஒரே சாவி!

2014-ம் ஆண்டு லெனோவா கம்பெனி, தன் லேப்டாப்புகள் சிலவற்றில் "சூப்பர்பிஷ்" என்ற சாப்ட்வேரை வைத்து விற்றது. இணையத்தில் நாம் பார்க்கும் பொருளைப் போன்ற வேறு பொருள்களின் விளம்பரத்தைக் காட்டுவது அதன் வேலை.

அதற்காக அது செய்த காரியம் பயங்கரமானது. நமக்கும் பாங்குக்கும் இடையே போகும் ரகசியத் தகவலை நடுவில் நின்று பிரித்தது. பிறகு, தன் சொந்த முத்திரையைக் குத்தி அனுப்பியது!

அந்த முத்திரைக்கு எல்லா லேப்டாப்புகளிலும் ஒரே சாவி. 2015 பிப்ரவரியில் ராபர்ட் கிரகாம் என்ற நிபுணர், அந்தச் சாவியைத் திறக்கும் ரகசியச் சொல்லைக் கண்டுபிடித்து விட்டார். அவர் நல்லவர், ஊருக்குச் சொன்னார். திருடன் கையில் கிடைத்திருந்தால்?

உடனே அதை நீக்கும்படி அமெரிக்க அரசு எச்சரித்தது. சாப்ட்வேரை நீக்கினாலும் முத்திரை உள்ளேயே இருந்தது. அதைத் தனியாக அகற்ற வேண்டியிருந்தது! 2017-ல் லெனோவா, 32 அமெரிக்க மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்து வழக்கை முடித்துக் கொண்டது.

எப்படி விரட்டுவது?

"விண்டோஸ் 11" உள்ள லேப்டாப்பில் இது சுலபம்.

"ஸ்டார்ட்" பொத்தானை அமுக்குங்கள். "செட்டிங்ஸ்" போங்கள். அதில் "ஆப்ஸ்", அதற்குள் "இன்ஸ்டால்டு ஆப்ஸ்". குடியிருப்பவர்களின் பட்டியல் முழுவதும் தெரியும்.

வேண்டாததன் பக்கத்தில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதை அமுக்கி, "அன்இன்ஸ்டால்" கொடுங்கள். ஆள் வெளியே!

இலவச நாள் முடிந்த வைரஸ் தடுப்பையும் இப்படியே எடுத்து விடலாம். லேப்டாப்பை நிறுத்தி மறுபடி போட்டால், விண்டோஸின் சொந்தக் காவலாளியான "டிபெண்டர்" வேலைக்கு வந்து விடும். வந்து விட்டதா என்று "விண்டோஸ் செக்யூரிட்டி"யில் பார்த்துக் கொள்ளுங்கள்.

இவற்றைத் தொடாதீர்கள்!

"டிரைவர்", "ஆடியோ", "கிராபிக்ஸ்" என்ற பெயர் உள்ளவை வீட்டுத் தூண்கள். எடுத்தால் ஒலி வராது, படம் கெடும். எது என்ன என்று தெரியாவிட்டால் விட்டு விடுங்கள். தெரிந்தவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பிள்ளைக்குப் புது லேப்டாப் வாங்கினீர்களா? அதில் பாங்குக் கணக்கைத் திறப்பதற்கு முன், அந்தப் பட்டியலை ஒரு தடவை படித்து விடுங்கள்.

பணம் கொடுத்தவர் நீங்கள். வீட்டில் யார் இருக்கலாம் என்று சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான்!