பேய்க்கதைப் புத்தகமும் பேணுங் கலையும்

சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையில், கனடாவில் வாழும் நம் கல்லூரியின் மூத்த பழைய மாணவர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்திருந்தார். உரையாடலினிடையே தம் கைப்பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து மேசைமீது மெல்ல வைத்தார். தெளிந்த பிளாஸ்ரிக் பேழையொன்றினுள் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் இருந்தது. அதன் அட்டையிலே புதைகுழியினின்றும் ஒரு பிணம் எழுந்து வந்துகொண்டிருந்தது. விலை பத்துச் சதம் என மூலையில் அச்சிடப்பட்டிருந்தது.

“திறந்து ஒரு பக்கமேனும் வாசிக்கலாமோ?” என்று கேட்டேன்.

“திறந்தால் பேழை உடைந்துவிடும், மதிப்பும் போய்விடும், மாஸ்ரர். இது தரத்திற் குறைந்தது. அதனாற்றான் பயணத்திற் கொண்டுவரத் துணிந்தேன். உயர்ந்தவை வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை” என்று கூறி நகைத்தார்.

திறந்து வாசிக்க முடியாத நூலை நூலென்று எங்ஙனம் சொல்வது? இவ்வினா என்னைப் பல நாள் விடவில்லை. அவர் கூறியவற்றையும், பின்னர் நான் தேடிப் படித்தவற்றையும் மலர் வாசகர்களுக்கு ஈண்டுத் தொகுத்துரைக்கிறேன்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 1950 ஆம் ஆண்டுக்கும் 1955 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலமே திகிற் சித்திரக்கதைகளின் பொற்காலம் எனப்படும். அவற்றுள் தலைசிறந்தவை ஈ.சி. என்னும் நிறுவனத்தின் வெளியீடுகள். இந்நிறுவனத்தைத் தொடங்கிய மக்ஸ் கெயின்ஸ் என்பார் விவிலியக் கதைகளையும் சரித்திரக் கதைகளையும் பிள்ளைகளுக்குப் படங்களால் விளக்கியவர். 1947 இல் அவர் படகு விபத்தில் இறக்க, மகன் வில்லியம் கெயின்ஸ் பொறுப்பேற்றார். அவரும் பத்திராதிபர் அல் பெல்ட்ஸ்ரைனும் சேர்ந்து 1950 இல் திகிற் கதைகளைத் தொடங்கினர். “நிலவறைக் கதைகள்” எனப் பொருள்படும் “ரேல்ஸ் புறொம் த கிறிப்ற்”, “வோல்ற் ஒவ் ஹொறர்”, “ஹோன்ற் ஒவ் பியர்” என்பன அம்மூன்று இதழ்கள். ஜோனி கிரேக், கிரகாம் இங்கெல்ஸ், ஜாக் டேவிஸ் முதலிய சித்திரக்காரர் அவற்றிற்கு உயிரூட்டினர். தீயவன் செய்த தீவினை தவறாது அவனையே வந்து சூழும் என்பது அக்கதைகளிற் பெரும்பாலனவற்றின் முடிவு. ஊழ்வினை உருத்து வந்தூட்டும் என்பதறிந்த நமக்கு அம்முடிபு புதிதன்று. அதனைச் சொல்லிய கோர வடிவமே புதிது.

சேகரிப்போர் அறிந்துவைத்துள்ள ஒரு விநோதம் உண்டு. “வோல்ற் ஒவ் ஹொறர்” முதலாம் இலக்கத்தோடு தொடங்கவில்லை. அதன் முதலிதழே பன்னிரண்டாம் இலக்கம். புதிய இதழொன்றிற்கு அஞ்சற் சலுகை பெறுவதற்குத் தனிக்கட்டணம் செலுத்த வேண்டியிருந்தமையால், நிறுத்தப்பட்ட பழைய இதழின் இலக்கத்தையே தொடர்ந்து இட்டுவந்தனர். இதனை அறியாதவன் முதலாம் இதழைத் தேடி வீணே அலைவான். ஏட்டுச்சுவடி தேடியவர்க்குக் காலமும் கைமாறிய வரலாறும் எவ்வளவு இன்றியமையாதனவோ, இவர்க்கும் அவை அவ்வளவு இன்றியமையாதன.

இப்புத்தகங்களுக்கு எதிர்ப்பு விரைவிலே மூண்டது. சித்திரக்கதைகளைக் குவித்து எரிக்கும் வழக்கம் அதற்கு முன்னரே தோன்றியிருந்தது. 1948 இல் மேற்கு வேர்ஜீனியாவின் ஸ்பென்சரிலும், நியூயோர்க் மாநிலத்தின் பிங்கம்ரனிலும் பள்ளி மாணவரே அவற்றைத் தீயிலிட்டனர். 1954 இல் பிரெட்றிக் வேர்தம் என்னும் உளமருத்துவர், சித்திரக்கதைகள் சிறுவரைக் குற்றவழியிற் செலுத்துகின்றன என நூலெழுதினார். அவர் தீயவரல்லர், நியூயோர்க் ஹார்லெம் பகுதியின் ஏழைகளுக்கு மருத்துவம் செய்துவந்தவர். ஆயின் அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்த கரோல் ரில்லி என்னும் ஆய்வாளர், சிறுவர் கூறியவற்றை அவர் தம் முடிபுக்கு ஏற்பத் திரித்தும் சேர்த்தும் எழுதியிருந்தமையை 2012 இல் வெளிப்படுத்தினார்.

1954 ஏப்பிரல் 21 ஆம் நாள், செனற் சபையின் உபகுழு கெயின்ஸை விசாரித்தது. வெட்டுண்ட பெண்தலையை ஒருவன் கையிற் பிடித்துநிற்கும் அட்டையொன்றைக் காட்டிய கீபோவர் என்னும் செனற்றர், இது நற்சுவைக்குத் தகுமோ என வினவினார். திகிற் புத்தகத்தின் அட்டைக்குத் தகும் என்று கெயின்ஸ் விடையிறுத்தார். தலையை இன்னும் உயர்த்தி, இரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தாற்றான் தகாது என்றும் விளக்கினார். அவ்விடை அவரைக் காக்கவில்லை. அவ்வாண்டு ஒக்டோபரிலே பதிப்பாளர் சங்கம் தன்னைத்தானே கட்டுப்படுத்தும் ஒழுக்கவிதிகளை வகுத்தது. தலைப்பிலே திகில், பயங்கரம் என்னும் சொற்கள் விலக்கப்பட்டன. நடைப்பிணமும் இரத்தக் காட்டேறியும் விலக்கப்பட்டன. “நிலவறைக் கதைகள்” 1955 இன் தொடக்கத்தில் 46 ஆம் இலக்கத்தோடு நின்றது. பிரித்தானியாவும் அதே 1955 இல் இத்தகைய புத்தகங்களைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. அமெரிக்கப் பதிப்பாளரின் அவ்வொழுக்கவிதிகள் 2011 இலே முற்றாகக் கைவிடப்பட்டன.

இனி, உயர்தரப் பிரதிகள் அருகியமைக்குக் காரணம் காண்போம். இப்புத்தகங்கள் இலட்சக்கணக்கில் அச்சானவை. ஆயின் அவற்றை வாங்கியோர் சிறுவர். சுருட்டிக் காற்சட்டைப் பையிற் செருகினர், கைமாற்றி வாசித்தனர், அன்னையர் கண்டவற்றைக் குப்பையிலிட்டனர். அனைத்துக்கும் தப்பியவற்றைக் கடதாசியே கொன்றது. மரத்தை அரைத்துச் செய்யும் மலிவான பத்திரிகைக் கடதாசியில் இலிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாமல் நிற்கும். ஒளியும் காற்றும் பட அது மஞ்சளாகும், அமிலமும் தோன்றும். அவ்வமிலம் கடதாசியின் நாராகிய செலுலோசைத் துண்டுதுண்டாக அறுக்கும். ஈற்றில் மடித்த இடம் அப்பளம்போல நொறுங்கும்.

ஆகவே எழுபது ஆண்டு கழிந்தும் புதியது போலிருக்கும் பிரதி அரிதாயிற்று. அதனை அளப்பதற்கு ஓர் அளவுகோலும் எழுந்தது. 2000 ஆம் ஆண்டிலே சி.ஜி.சி. என்னும் நிறுவனம், தொடர்பற்ற நடுவராக நின்று தரமிடும் பணியைத் தொடங்கியது. 0.5 முதல் 10 வரை புள்ளியிடுவர். 9 உம் அதற்கு மேலும் பெற்றவையே உயர்தரம் எனப் பொதுவாகக் கொள்ளப்படும். பரிசோதகர் பக்கங்களை எண்ணுவர். முதுகோரத்திலே நிறம் உடைந்த சிறுகோடுகளையும், மூலையின் மழுங்கலையும், தைத்த கம்பியின் துருவையும் நோக்குவர். தாள் வெண்மையோ, பழுப்போ, நொறுங்குவதோ என்றும் குறிப்பர். பின்னர் பேழையிலிட்டு முத்திரையிடுவர். தேய்ந்த இடத்திற்கு நிறந் தீட்டிய பிரதியாயின் ஊதாநிறச் சீட்டு ஒட்டப்படும். அதன் விலையும் பெரிதும் வீழும். தமிழாசிரியனாகிய எனக்கு இஃது இனிது விளங்கிற்று. மூலபாடத்திற் பிற்காலத்தார் செருகிய செய்யுளை நாம் இடைச்செருகல் என ஒதுக்குகின்றோமன்றோ? அழகாயிருப்பதால் அஃது மூலமாகிவிடாது.

இவ்வுயர்தரப் பிரதிகளுட் பல எங்கிருந்து வந்தன என்பதே வியப்பிற்குரியது. வில்லியம் கெயின்ஸ் தாம் வெளியிட்ட ஒவ்வோர் இதழிலும் ஏறக்குறையப் பன்னிரண்டு பிரதிகளைச் சுற்றிக் கட்டி ஒதுக்கி வைத்தார். அவற்றிற்கு விலை வருமென அன்று எவரும் எண்ணியிரார். பழைய சித்திரக்கதைகளுக்கு ஓவர்ஸ்றீற் விலைநூல் வெளிவந்ததே 1970 இலேதான். செனற் சபை பழித்த காலத்திலும், கடைகள் கட்டுக் கட்டாகத் திருப்பியனுப்பிய காலத்திலும் அவர் அக்கட்டுகளை எறியவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழிந்தபின் ரஸ் கொக்ரன் என்பார் வழியாக அவை வெளியே வந்தபோது, நேற்று அச்சானவைபோல இருந்தன. 1992 இல் கெயின்ஸ் மறைந்தார்.

என் வினாவிற்கும் இங்கே விடை கிடைத்தது. கொக்ரன் 1970களின் இறுதியிலிருந்து அக்கதைகளைக் கெட்டியட்டை நூல்களாக மறுபதிப்புச் செய்தார். கதையை அறிய விரும்புவோன் அவற்றைத் திறந்து வாசிக்கலாம். பேழையினுள் உள்ளதோ சாட்சி: அன்றைய மை, அன்றைய தாள், அன்றைய விளம்பரம், ஒரு சிறுவன் பத்துச் சதத்திற்கு வாங்கிய பொருளின் உண்மை வடிவம். வாசிக்க ஒன்றும் காக்க ஒன்றும் வேண்டும். மறுபதிப்பு இல்லாத இடத்திற் பேழை வெறும் சிறை.

ஈண்டு என் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியப் பணியின் முதலாண்டிலே, இலக்கண நூலினுள் மறைத்து ஒரு மாணவன் வாசித்த பேய்ச் சித்திரக்கதையைப் பறித்து, வகுப்பின்முன் நான்காகக் கிழித்தேன். அதனை வரைந்தவர் யார் என்றும் நோக்கினேனல்லேன். வாங்கி வைத்திருந்து மாலையிற் கொடுத்திருக்கலாம். வேர்தத்தின் வரலாற்றைப் படித்தபோது அம்மாணவன் முகமே கண்முன் நின்றது. எது பயனற்றது என்பதை ஒரு தலைமுறை நினைத்தவாறே அடுத்த தலைமுறை நினைப்பதில்லை. ஆகையாற் கண்டிப்பது ஆசிரியன் கடனாகலாம். அழிப்பது அவன் கடனன்று.

பழைய மாணவர்களே, நம் கல்லூரிச் சஞ்சிகைகளும் அதே மலிவான கடதாசியில் அச்சானவையே. இடப்பெயர்வுகளுக்கும் கறையானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் தப்பிய பிரதி உங்கள் வீட்டுப் பெட்டியில் ஒன்றேனும் இருக்கக்கூடும். அதனை ஒட்டுநாடாவால் ஒட்டாதீர்கள், மெழுகுத்தாள்போல் இருபுறமும் பிளாஸ்ரிக் உருக்கி மூடாதீர்கள், பீ.வீ.சீ. உறையில் இடாதீர்கள். அமிலமற்ற மட்டையோடு மைலார் உறையிலிட்டு, வெயிலும் ஈரமும் அணுகாத இடத்தில் வையுங்கள். ஒரு முறை மெதுவாகத் திறந்து ஒளிப்பட நகல் எடுத்து, அந்நகலை நம் நூலகத்துக்கு அனுப்புங்கள். மாணவர் அதனை வாசிக்கட்டும். மூலம் இருந்த இடத்தில் இருக்கட்டும்.