பனித் தூம்பைத் திருப்பும் மோட்டார்

கனடா தேசத்துக் குளிர்காலத்தில் வீட்டு வாசல் ஒரே இரவில் மறைந்துபோவது சாதாரண விஷயம். மாண்ட்ரீல் நகரில் ஒரு பருவத்தில் பெய்யும் பனியைக் கூட்டி அளந்தால் சராசரியாகச் சுமார் 2 மீட்டர் வரும். பஞ்சுபோல் விழும் புதுப் பனி ஒரு கன மீட்டர் சுமார் 100 கிலோகிராம்தான் இருக்கும். காற்றில் இறுகிவிட்டாலோ 300 கிலோகிராமுக்கு மேலும் கனக்கும். வீட்டுக்கும் சாலைக்கும் இடையே நீண்ட பாதை உள்ள கிராமத்துக் குடியானவர் இதை மண்வாரியால் அள்ளி மாளாது. பாதை திறக்காவிட்டால் பால் வண்டியும் வராது. அவசரத்துக்கு வைத்தியரும் வர முடியாது.

இந்தத் தொல்லைக்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் க்யூபெக் மாகாணத்து ஆர்தர் ஸிகார்ட். தானியம் அடிக்கும் யந்திரம் ஒன்றைப் பார்த்ததிலிருந்தே அவருக்கு இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். 1925-ஆம் வருஷம் அவர் பனி வீசும் யந்திரத்தைச் செய்து முடித்தார். 1927-இல் மாண்ட்ரீலை அடுத்த அவுட்ரமாண்ட் நகரம் அதை விலைக்கு வாங்கிற்று. பனியை 90 அடிக்கு அப்பால் எறியவும், வேண்டுமானால் பக்கத்து லாரியிலே கொட்டவும் அதனால் முடிந்தது. வாரி எறிவதோடு வேலை தீரவில்லை. எங்கே எறிவது என்ற கேள்வியும் அன்றே எழுந்துவிட்டது.

இன்று பண்ணை டிராக்டர்களில் மாட்டும் யந்திரமும் அந்த இனத்தைச் சேர்ந்ததே. முன்னால் சுழலும் திருகு, பனியை நடுவுக்குத் தள்ளும். அங்கே வேகமாகச் சுற்றும் விசிறி அதை வாங்கி, மேல்நோக்கி நிற்கும் தூம்பின் வழியே வீசும். தூம்பைத் திருப்புவதற்கு ஒரு கைப்பிடி உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் ஒரு திருகு, தூம்பின் அடியிலுள்ள பல்வளையத்தை மெதுவாக நகர்த்தும்.

கேட்பதற்கு எளிதுதான். ஆனால் ஓட்டுபவருடைய நிலையைப் பாருங்கள். ஒரு கை சக்கரத்தில். மறு கை யந்திரத்தை ஏற்றி இறக்கும் நெம்புகோலில். பாதையின் கோடியில் வண்டியைத் திருப்பியதும், இதுவரை வயலில் விழுந்த பனி அவர் முகத்திலேயே வந்து அறைகிறது. உடனே தூம்பைத் திருப்ப வேண்டும். மூன்றாவது கைக்கு எங்கே போவார்?

அந்த மூன்றாவது கையைப் பலர் தம் கொட்டகையிலேயே செய்துகொள்கிறார்கள். கழித்துப் போட்ட மோட்டார் காரில் கண்ணாடி துடைக்கும் மோட்டாரும், ஜன்னலை ஏற்றி இறக்கும் மோட்டாரும் கிடைக்கும். டிராக்டரின் 12 வோல்ட் பாட்டரியே இவற்றுக்குப் போதும். நிமிஷத்துக்கு 45 சுற்றுச் சுற்றும் மோட்டாரைக் கைப்பிடித் தண்டில் இணைத்தால், கையால் 8 சுற்றுச் சுற்ற வேண்டிய வேலை 11 விநாடியில் முடிந்துவிடும். தூம்புக்கு வேகம் வேண்டாம். நிதானமான பலமே வேண்டும்.

இங்கே மூன்று நுட்பங்கள் உண்டு. முதலாவது, தூம்பு இரு பக்கமும் திரும்ப வேண்டும். மின்சாரம் பாயும் திசையை மாற்றினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். இதற்கென்றே, விரலை எடுத்ததும் தானாக நடுவில் வந்து நிற்கும் ஆறு முனை ஸ்விட்சுகள் இருக்கின்றன. ஆனால் கண்ணாடி துடைக்கும் மோட்டார்கள் பலவற்றில் ஒரு முனை அதன் உடலோடேயே சேர்ந்திருக்கும். அதை அப்படியே டிராக்டரின் இரும்பில் முடுக்கிவிட்டுத் திசையை மாற்றினால், மின்சாரம் குறுக்கே பாய்ந்து கம்பி கருகிப்போகும். ஆகவே மோட்டாரின் உடல் இரும்பில் படாதபடி மரத்தையோ ரப்பரையோ இடையில் வைக்க வேண்டும். அல்லது ஜன்னல் மோட்டாரைக் கொள்வது மேல்.

இரண்டாவது, எல்லை. தூம்பு கோடிக்குப் போய் முட்டிய பிறகும் மோட்டார் தள்ளிக்கொண்டிருந்தால் ஏதேனும் ஒன்று முறியும். இரு கோடியிலும் சிறு ஸ்விட்சு வைத்து மின்சாரம் தானே அறுபடச் செய்கிறார்கள். திரும்பி வருவதற்கு வழிவிட, ஒரு பக்கமே மின்சாரத்தைச் செலுத்தும் டையோடு ஒன்றையும் அதனுடன் சேர்க்கிறார்கள். பாட்டரியின் அருகிலேயே தகுந்த பியூஸ் இருக்க வேண்டியது அவசியம்.

மூன்றாவது, பனிக்கட்டி. வேலை முடிந்ததும் வளையத்தில் தங்கிய ஈரம் இரவில் உறைந்து, காலையில் தூம்பைக் கல்லாக்கிவிடும். யந்திரத்தை நிறுத்துமுன் தூம்பை இருபுறமும் சில தடவை ஆட்டி ஈரப்பனியை உதிர்ப்பதும், குளிரில் இறுகாத மசகைப் பூசுவதும் இதற்குப் பரிகாரம். மோட்டாரை மூடும் பெட்டியின் அடியில் நீர் வடியத் துவாரம் வேண்டும். பழைய கைப்பிடியையும் எறிந்துவிடாமல் வைத்திருப்பதே விவேகம்.

ஒன்றை மட்டும் எந்த மோட்டாரும் செய்யாது. ஈரப்பனி தூம்பில் அடைத்துக்கொண்டால், அவசரத்தில் கையை உள்ளே விட்டு விரல்களை இழந்தவர்கள் அநேகர். எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறியில் முறுக்கம் தங்கியிருக்கலாம். அடைப்பு நீங்கியதும் அது சட்டென்று சுழலும். எஞ்சினை அணைத்து, எல்லாம் ஓயும் வரை பொறுத்து, நீண்ட கழியால்தான் குத்தி எடுக்க வேண்டும்.

கடையில் வாங்கிய சாதனம் கெட்டால் கடைக்காரரைத் தேடிப் போகிறோம். பனிப்புயலில் சாலை மூடிக் கிடக்கும்போது கடை ஏது, கடைக்காரர் ஏது? தம் கையால் ஒவ்வொரு கம்பியையும் இணைத்தவருக்கோ, எது எங்கே அறுந்திருக்கும் என்பது இருட்டிலும் தெரியும். பழைய இரும்பிலிருந்து அவர் பெற்ற லாபம் மோட்டார் மட்டுமன்று, அந்தத் தெரிவும்தான்.