ஒரு நூலுக்கு ஐந்து வாசல்

நமது சமூகம் பற்றிய நூல்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு சிறப்பு நூலகத்துக்கு, '20ஆம் நூற்றாண்டில் மருதமுனைக் கைத்தறி நெசவு' என்றொரு நூல் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். அதை எங்கே வைப்பது? கைத்தொழிலிலா, பிரதேச வரலாற்றிலா? இறாக்கையில் ஒரு நூலுக்கு ஓர் இடம்தான். தேடி வருபவரோ எந்தப் பக்கத்தால் வருவார் என்று சொல்லேலாது.

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். இரங்கநாதன் இந்தச் சிக்கலுக்கு வழி கண்டவர். லண்டன் கடையொன்றில் அவர் கண்ட மெக்கானோ விளையாட்டுச் சாமானில், ஒரே துண்டுகளை மாற்றி மாற்றிப் பூட்டிப் பல உருவங்கள் செய்தார்கள். 1933இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்பும் அப்படித்தான்: ஒரு விடயத்தை முகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறியிட்டு, பின்னர் சேர்ப்பது. முகங்களை ஐந்து வகையாக வகுத்தார்: பேசப்படும் மையம், மூலப்பொருள், செயல், இடம், காலம். நமது நூலில் இவை கைத்தறித் துணி, நூலிழை, நெசவு, மருதமுனை, 20ஆம் நூற்றாண்டு என வரும்.

இறாக்கையில் இடம் அப்போதும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு முகத்தின் பெயரிலும் சுட்டியில் ஒரு பதிவு போட்டால், 'நெசவு' என்று வருபவரும் 'மருதமுனை' என்று வருபவரும் அதே நூலை அடைவார்கள்.

சிறப்பு நூலகத்துக்கு இது மிகவும் தேவை. டூயி தசமப் பகுப்பில் இஸ்லாத்துக்குரிய இலக்கம் 297. பொது நூலகத்தில் அது போதும். நூல்களில் பெரும்பங்கு இஸ்லாம் பற்றியதாகவே இருக்கும் இடத்தில் அந்த இலக்கம் எதைப் பிரித்துக் காட்டும்? எல்லா நூலுக்கும் பொருந்தும் தலைப்பு, தலைப்பே இல்லாததற்குச் சமம்.

அடுத்தது சொல் ஒழுங்கு. அறபுத்தமிழ், அரபுத்தமிழ், அர்வி என மூன்று விதமாக எழுதுகிறோம். ஒன்றைத் தெரிந்து, மற்ற இரண்டிலும் 'அறபுத்தமிழ் பார்க்க' என்று குறிப்பிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே விடயம் மூன்று இடத்தில் சிதறிப்போகும்.

பள்ளிவாசல் திறப்புவிழா மலர்களையும் பாடசாலை ஆண்டு மலர்களையும் நினைத்துப் பாருங்கள். ஊர் வரலாறு பற்றிய நல்ல கட்டுரைகள் அவற்றுக்குள்தான் கிடக்கின்றன. மலரின் பெயரை மட்டும் பதிந்தால் கட்டுரையை யாரும் காணமாட்டார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் விடயம், இடம், காலம் என்ற மூன்றையாவது பதியலாம். ஒரு கொப்பியும் பொறுமையும் போதும். பாதுகாத்து வைத்தும் தேடி எடுக்க முடியாத எழுத்து, தொலைந்த எழுத்துத்தான்.