தாயின் ஹார்மோனில் தழைக்கும் நுண்ணுயிர்

கருவுக்குக் குளுக்கோஸ் தடையின்றிக் கிடைக்கவேண்டும் என்பதற்காகத் தாயின் உடல் கர்ப்பத்தின் பிற்பாதியில் இன்சுலினுக்குப் பணிய மறுக்கத் தொடங்குவதும், நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இதற்குத் துணைபோவதும், கூடுதல் இன்சுலின் சுரந்து ஈடுகட்டக் கணையத்தால் இயலாத பெண்களுக்குக் கர்ப்பகால நீரிழிவு வருவதும் மருத்துவ நூல்களில் நெடுங்காலமாக இடம்பெற்றுள்ள செய்திகள். அவற்றோடு அண்மைக் காலத்தில் சேர்ந்திருப்பது, தாயின் குடலிலும் வாயிலும் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் இந்த ஏற்பாட்டில் பங்கு பெறுகின்றன என்ற அறிவாகும்.

குடலைப் பற்றிய திருப்புமுனை ஆய்வு 2012-இல் வெளிவந்தது. பின்லாந்தைச் சேர்ந்த 91 கர்ப்பிணிகளின் மல மாதிரிகளை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரூத் லே, ஓம்ரி கோரன் ஆகியோர் ஆராய்ந்தபோது, முதல் மும்மாதத்தில் பிற பெண்களுடையதைப் போலவே இருந்த நுண்ணுயிர்க் கூட்டம் கடைசி மும்மாதத்தில் பெரிதும் மாறி, ஒவ்வொரு பெண்ணிடமும் வகைகள் குறைந்து, அழற்சியோடு தொடர்புடைய புரோட்டியோபாக்டீரியா என்னும் பிரிவு பெருகியிருந்தது. பிறந்தது முதல் எந்தக் கிருமியும் அண்டாதவாறு வளர்க்கப்பட்ட சுண்டெலிகளின் குடலில் இம்மாதிரிகளைச் செலுத்தியபோது, கடைசி மும்மாத மாதிரியைப் பெற்றவை மற்றவற்றைவிடக் கொழுத்தன. இன்சுலினுக்கு மந்தமாகவும் செயல்பட்டன. ஒரே பாலை இரு பாத்திரங்களில் ஊற்றி, வெவ்வேறு வீட்டு உறைமோரை இட்டு, தயிரில் தெரியும் வேறுபாட்டை மோரின் மேல் ஏற்றிப் பார்ப்பதற்கு ஒப்பானது இச்சோதனை. கூர்ந்து நோக்கவேண்டியது என்னவென்றால், இம்மாற்றம் நீரிழிவுள்ள தாய்மாரிடம் மட்டுமன்றி, நலமாக இருந்தவர்களிடமும் காணப்பட்டது. வேறு காலத்தில் நோயின் அடையாளமாகக் கருதப்படும் ஒரு நிலை, கர்ப்பத்தில் கருவை வளர்க்கும் உத்தியாக அமைகிறது. ஆகவே நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்று விளம்பரங்கள் பிரிக்கும் பிரிவு இங்கே பயன்படாது.

அப்படியாயின் நீரிழிவு வரும் பெண்களிடம் என்ன வேறுபடுகிறது? இதற்கான விடையின் ஒரு பகுதியை, பின்னர் இஸ்ரேலுக்குத் திரும்பிய கோரனின் குழு 2023-இல் அளித்தது. 394 பெண்களிடம் முதல் மும்மாதத்திலேயே மாதிரிகளைச் சேகரித்து வைத்து, பின்னாளில் யாருக்கு நீரிழிவு கண்டறியப்பட்டது என்று பார்த்தபோது, அவர்களுடைய நுண்ணுயிர்க் கூட்டம் பல மாதங்களுக்கு முன்பே மாறுபட்டிருந்ததும், குருதியில் அழற்சியைத் தூண்டும் புரதங்கள் மிகுந்திருந்ததும், நார்ச்சத்தைப் புளிக்கவைத்துக் குடல் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் குறுஞ்சங்கிலிக் கொழுப்பமிலங்கள் குறைந்திருந்ததும் தெரியவந்தன. இக்கொழுப்பமிலங்கள் குடற்சுவரின் செல்களுக்கு உணவாகி அழற்சியைத் தணிப்பவை.

குடலுக்குக் கிடைத்துள்ள இந்தக் கவனம் வாய்க்குக் கிடைக்கவில்லை. அங்கே நிகழ்வதோ இதைவிட விந்தையானது. கர்ப்பத்தின் இரண்டாம் மாதம் முதல் ஈறுகள் சிவந்து வீங்குவதும், எட்டாம் மாதத்தில் அது உச்சமடைந்து பின் தணிவதும் லோ, சில்னெஸ் என்னும் இருவர் 1963-இல் வெளியிட்ட ஆய்விலேயே பதிவாகியுள்ளன. பல் துலக்குவதில் குறை வைக்காத பெண்களுக்கும் இது ஏன் நேர்கிறது என்ற கேள்விக்கு, 1980-இல் கோர்ன்மன், லோஷ் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் எதிர்பாராத ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான காற்றுப் புகாத பிளவில் வாழும் பிரிவோடெல்லா இன்டர்மீடியா என்னும் பாக்டீரியா, இரண்டாம் மும்மாதத்தில் குறிப்பிடத்தக்க அளவு பெருகுவதை அவர்கள் கண்டனர். இதன் வளர்ச்சிக்கு வைட்டமின் கே வகையைச் சேர்ந்த ஒரு பொருள் தேவை. ஆனால் அந்தப் பொருள் இல்லாத வளர்ப்பூடகத்தில் கர்ப்பகால ஹார்மோன்களான பிராஜெஸ்டிரோனையோ எஸ்ட்ரடயாலையோ சேர்த்தபோதும் பாக்டீரியா செழித்து வளர்ந்தது. கருப்பையைக் காக்க உடல் சுரக்கும் ஹார்மோன், ஈறின் பிளவில் கசியும் திரவத்தின் வழியாக அங்கே சென்று, ஒரு நுண்ணுயிருக்கு வைட்டமினுக்கு மாற்றாகிவிடுகிறது. பின்வந்த ஆய்வுகள் யாவும் இப்பெருக்கத்தை ஒரே அளவில் காணவில்லை, ஹார்மோன்கள் ஈறின் நுண்குழாய்களையும் நோயெதிர்ப்பையும் நேரடியாகத் தளர்த்துவதும் காரணத்தில் பெரும்பங்கு வகிக்கிறது என்றாலும், கர்ப்பத்தை உடலுக்குள் வாழும் ஓர் உயிர் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் விதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இதே பாக்டீரியாவை இரத்தம் கலந்த ஊடகத்தில் வளர்த்தால் அதன் திரள்கள் நாள் செல்லச்செல்லக் கறுத்துவிடும். குருதியின் சிவப்புக்குக் காரணமான ஹீம் என்னும் இரும்புச் சேர்மத்தைப் பிரித்தெடுத்துத் தன்மேல் படியவைத்துக்கொள்வதே அக்கருமைக்குக் காரணம். ஹார்மோனால் பாக்டீரியா பெருக, பெருக்கத்தால் ஈறு அழன்று இரத்தம் கசிய, கசிந்த இரத்தத்தின் இரும்பில் அது மேலும் பெருகுகிறது. நீரிழிவுள்ள பெண்ணிடம் இச்சுழலில் சர்க்கரையும் சேர்கிறது. குருதியில் குளுக்கோஸ் உயரும்போது ஈறின் திரவத்திலும் உயர்கிறது, கிருமிகளை விழுங்கவேண்டிய வெள்ளணுக்களின் திறனோ குறைகிறது. எதிர்த்திசையிலும் விளைவு உண்டு. அழன்ற ஈறிலிருந்து குருதியில் கலக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற புரதங்கள் இன்சுலின் செல்லுக்குத் தரும் செய்தியைக் குலைக்கின்றன. ஈறு நோயுள்ள பெண்களிடம் கர்ப்பகால நீரிழிவு மிகுந்து காணப்படுவதைப் பல ஆய்வுகள் தெரிவித்திருந்தாலும், எது முதலில், எது பின்பு என்பது தீர்ந்துவிடவில்லை.

ஆராய்ச்சி இந்நிலையில் இருக்க, நுண்ணுயிர்ப் பொடிகளையும் மாத்திரைகளையும் கர்ப்பிணிகளுக்கு விற்கும் வணிகம் அதை வெகுதூரம் முந்திச் சென்றுவிட்டது வருந்தத்தக்கது. 2010-இல் பின்லாந்தில் வெளியான ஒரு சிறு சோதனையில், உணவு ஆலோசனையோடு நுண்ணுயிர் மாத்திரை உட்கொண்டவர்களில் 13 விழுக்காட்டினருக்கும், ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 36 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது உண்மையே. ஆனால் ஆஸ்திரேலியாவில் மிகை எடையோ உடற்பருமனோ உள்ள 411 பெண்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான சோதனையில், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 12.3 விழுக்காட்டினருக்கும் நுண்ணுயிர் மாத்திரை பெற்றவர்களில் 18.4 விழுக்காட்டினருக்கும் நோய் வந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவினது என்றாலும், மாத்திரை காக்கவில்லை என்பது உறுதி. கீரை, முழுப்பயறு, தவிடு நீக்காத தானியம் ஆகியவை குடல் பாக்டீரியாக்களுக்கு நேரடியாக உணவாகின்றன. அவற்றைப் பற்றிய பேச்சு, ஆலோசனை அறைகளில் அரிசியையும் இனிப்பையும் தடுக்கும் பேச்சின் அளவுக்கு நீள்வதில்லை.

ஈறு விஷயத்தில் அலட்சியம் இன்னும் ஆழமானது. கர்ப்பகாலத்தில் பல்லைத் தொடக்கூடாது என்ற நம்பிக்கையால், குழந்தை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டாரும் சில வேளைகளில் மருத்துவர்களும் தள்ளிப்போடுகின்றனர். பச்சிளங்குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாய்க்கு அதன்பின் பல் மருத்துவரிடம் செல்ல நேரம் வாய்ப்பதில்லை. அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான சோதனை, ஈறு சிகிச்சை குறைப்பிரசவத்தைக் குறைக்கவில்லை என்று காட்டிய அதே வேளையில், அது தாய்க்கும் கருவுக்கும் பாதுகாப்பானது, ஈறு நோயைத் தணிக்கிறது என்பதையும் காட்டியது.

கர்ப்பகால நீரிழிவைக் கண்டறிவதில் தமிழ்நாடு முன்னோடி. உணவு உண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரம் கழித்துக் குருதியில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நோய் எனக் கொள்ளும் எளிய முறையைச் சென்னை மருத்துவர் வி. சேஷையா பரப்பினார், பின்னர் அது நாடு தழுவிய அரசு வழிகாட்டுதல்களிலும் இடம்பெற்றது. அந்த இரண்டு மணி நேரமும் கர்ப்பிணிகள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சில் வெறுமனே காத்திருக்கின்றனர். உதட்டை விலக்கி ஈறைப் பார்க்கவும், துலக்கும்போது இரத்தம் வருகிறதா என்று கேட்கவும், வருமாயின் பல் மருத்துவருக்கு ஒரு சீட்டு எழுதித் தரவும் கிராம செவிலியர் ஒருவருக்கு அதில் சில நிமிடங்கள் போதும்.