ஹோட்டலில் பிள்ளைகளுக்கு ஓர் இடம்: சறுக்கு மரம் வாங்கும் முன் நிலத்தைப் பாருங்கள்

நம்மவர்களிடம் ஹோட்டல் என்றால் வெகுகாலம் சாப்பாட்டுக் கடைதான். பராட்டாக் கல்லும் கொத்துச் சத்தமும்தான் நினைவுக்கு வரும். இப்போது நிலைமை வேறு. நுவரெலியாவிலும் பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் ஆறு அறை, பத்து அறை என்று தங்குவிடுதி நடத்தும் நம்மவர் பலர் இருக்கின்றனர். நான் ஹாட்வெயார் வியாபாரி என்பதால் அவர்களில் சிலர் என் கடைக்கும் வருவார்கள். அண்மைக் காலமாக அவர்கள் கேட்பது ஒன்று: "பிள்ளைகளுக்கு விளையாட ஏதாவது போட வேண்டும் ஹாஜியார், என்ன செலவாகும்?"

நல்ல கேள்விதான். ஆனால் கேட்கும் ஒழுங்கு தலைகீழ். என்ன வாங்குவது என்று முதலில் கேட்கிறார்கள். எங்கே வைப்பது, பிள்ளை விழுந்தால் எதன் மேல் விழும் என்பதைப் பிறகுதான் யோசிக்கிறார்கள்.

பிள்ளைகளைக் கவனித்தால் ஹோட்டல் வியாபாரம் வளரும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரைச் சேர்ந்த கெமன்ஸ் வில்சன் என்ற கட்டட வியாபாரி 1951இல் மனைவியையும் ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வாகனத்தில் சுற்றுலா போனார். வழியில் தங்கிய விடுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 2 டொலர் மேலதிகமாகக் கேட்டார்கள். மனுஷனுக்கு ஆத்திரம். ஆத்திரத்தை வீணாக்காமல் அடுத்த ஆண்டே சொந்த விடுதியைத் திறந்தார். பெற்றோருடன் தங்கும் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை என்றார். அதுதான் பின்னர் உலகமெங்கும் பரவிய ஹொலிடே இன். பிள்ளைக்கு வாங்காமல் விட்ட இரண்டு டொலரைவிட, அந்தப் பிள்ளையோடு வரும் குடும்பம் பெரியது என்ற கணக்கு அவருக்கு விளங்கியிருந்தது.

நமக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். 2019 ஏப்ரலுக்குப் பிறகும் 2020இல் விமான நிலையம் மூடப்பட்டபோதும் வெளிநாட்டவர் வரவில்லை. அந்த நாட்களில் சிறிய விடுதிகளுக்கு வந்ததெல்லாம் உள்ளூர்க் குடும்பங்கள்தான். நமது குடும்பம் ஒன்று அறை பதியும்போது முதல் கேள்வி ஹலால் சாப்பாடு பற்றியது. இரண்டாவது கேள்வி, பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்பது. பிள்ளைகள் ஓரிடத்தில் விளையாடினால் பெற்றோர் ஆறுதலாக இருந்து இன்னொரு தேநீர் கேட்பார்கள். பிள்ளை சிணுங்கினால் பில்லைக் கேட்பார்கள்.

இனி மறுபக்கம். எனக்குத் தெரிந்த ஒருவர் மலைநாட்டில் உள்ள தன் விடுதியில் அழகான சறுக்கு மரம் ஒன்று வைத்தார். நல்ல விலை கொடுத்து வாங்கியது. வைத்த இடம் வாகனம் நிறுத்துவதற்காக இன்டர்லொக் கல் பதித்த முற்றம். இரண்டாம் மாதமே விருந்தினரின் ஐந்து வயதுப் பிள்ளை ஏணிப்படியிலிருந்து விழுந்து கை முறிந்தது. வைத்தியச் செலவை அவர் மறுபேச்சின்றிக் கொடுத்தார். ஆனால் அந்தக் குடும்பத்தோடு வந்திருந்த மற்ற நான்கு குடும்பங்களும் அன்றே புறப்பட்டுவிட்டன. சறுக்கு மரத்தில் ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் அதன் கீழே இருந்தது.

விளையாட்டிடங்களுக்காக அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு வெளியிட்டிருக்கும் கைநூல் சொல்வதைக் கேளுங்கள். சீமெந்து, தார் மட்டுமல்ல, வெறும் மண்ணும் புல்லும்கூட விழும் பிள்ளைக்குப் போதிய பாதுகாப்பு அல்ல. மிதிபட்டு இறுகிவிடும். மணல் போடுவதானால் 9 அங்குல ஆழம் வேண்டும், அதுவும் 4 அடி உயரத்திலிருந்து விழுவதற்கே போதும். அதற்கு மேல் உயரமான சாமான் வாங்கினால் இறப்பர்த் தரையோ மரச்சீவலோ தேட வேண்டிவரும். சாமானைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடி வெறுமையாக இருக்க வேண்டும். ஊஞ்சலுக்கு இது போதாது. அது தொங்கும் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு முன்னும் பின்னும் விட வேண்டும். 7 அடிக் கம்பி என்றால் முன்னால் 14, பின்னால் 14. பத்துப் பேர்ச் காணியில் கட்டிடமும் போக ஊஞ்சலுக்கு இடம் ஏது? சிறிய விடுதிக்காரர் ஊஞ்சலை மறந்துவிடுவதே நல்லது என்பது என் அபிப்பிராயம். தாழ்ந்த சறுக்கு மரம், மணல் தொட்டி, ஏறி இறங்க மரக்குற்றிகள் போதும்.

உள்ளூர் வெல்டிங் பாஸிடம் செய்விப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். கம்பிகளுக்கு இடையிலான வெளி மூன்றரை அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்டதாக இருக்கக் கூடாது. அந்த அளவில் பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். பாஸுக்கு இதை வாயால் சொல்லாமல் அளவு எழுதியே கொடுங்கள். ஈயம் கலவாத பெயின்டா என்றும் கேட்டு வாங்குங்கள்.

எங்கே வைப்பது? பலர் சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று பின்வளவில் ஒதுக்கிவிடுகிறார்கள். சாப்பாட்டு மேசையிலிருந்து தெரியாத விளையாட்டிடத்துக்குத் தாய்மார் பிள்ளையை விட மாட்டார்கள், விட்டாலும் பின்னாலேயே போய் நிற்பார்கள். தேநீர் மேசையில் யாரும் இருக்க மாட்டார்கள். அதனால் உணவு மண்டபத்தின் யன்னலுக்கு நேரே, நிழலான ஒரு வாங்கோடு அமையுங்கள். வாகனப் பாதைக்கும் நீச்சல் தடாகத்துக்கும் அருகே வேண்டாம். தடாகம் இருந்தால் குறைந்தது 4 அடி வேலியும் தானாக மூடும் கதவும் அவசியம். நுவரெலியாவில் மழையும் குளிரும் என்பதால் ஓர் அறையை ஒதுக்குவதே புத்தி. பாசிக்குடாவில் நிழல்தான் பெரிது, பகல் வெயிலில் சறுக்குப் பலகை பிள்ளையின் தோலைச் சுட்டுவிடும். நிழலுக்குத் தென்னை மட்டும் வேண்டாம். தேங்காயும் மட்டையும் விழும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பக்கத்தில் அலரி நட்டிருந்தால் அதையும் பிடுங்கிவிடுங்கள், விஷச் செடி.

பழைய டயரில் விளையாட்டுச் சாமான் செய்வது இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது. மலிவுதான். ஆனால் டயருக்குள் மழைநீர் தேங்கும், நுளம்பு பெருகும். 2017இல் மட்டும் இந்நாட்டில் 186,000க்கும் அதிகமானோருக்கு டெங்கு கண்டது. 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டப்படி வளவுக்குப் பொறுப்பானவரே குற்றவாளி. டயர் போடுவதானால் அடியில் பல துளைகள் இட்டு நீர் நிற்காமல் பாருங்கள். மணல் தொட்டியை இரவில் மூடி வையுங்கள், இல்லாவிட்டால் ஊர்ப் பூனைகளுக்கு அதுவே கழிப்பறை.

கடற்கரையில் கட்டியவர்களுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் சாதாரண ஆணியும் நட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருவேறா உருக்கில் போட்டால் விலை கூடத்தான். அதற்கு மனம் வராவிட்டால் தோட்டக்காரர் கையில் ஒரு ஸ்பானரைக் கொடுத்து, ஒவ்வொரு வெள்ளிக் காலையும் நட்டுகளை இறுக்கி, மணலைக் கிளறிவிட்டு, கொப்பியில் திகதி போட்டுக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள்.