வேர் கேட்கும் இடம்

பேராதனைத் தாவரவியற் பூங்காவைக் காணாத கண்டி மாணவர் அரியர். அங்குள்ள பெரும் புல்வெளியிலே குடை விரித்தாற்போற் கிளைபரப்பி நிற்கும் ஜாவா அத்தி மரத்தின் நிழலில் ஒருமுறையேனும் அவர்கள் அமர்ந்திருப்பர். அதே இனத்து மரம், பல நாடுகளில் அலுவலக மேசைக்கருகே ஒரு சாடிக்குள் ஆளுயரத்தோடு நின்றுவிடுகின்றது. இனத்திலே வேறுபாடில்லை. ஒளியும் மழையும் ஒருபுறமிருக்க, ஒன்றிற்கு வேரோட நிலம் கிடைத்தது. மற்றதற்குக் கிடைத்ததோ ஒரு சாண் அகலமே. இவ்வுண்மையை நாம் ஏட்டிலே படித்திருந்தும், ஒரு துளசிச் செடியை இழந்த பின்னரே உணர்ந்தோம்.

எமது இல்லம் கண்டி நகரில் ஒரு தொடர்மாடியின் மூன்றாந் தளத்தில் உள்ளது. முற்றமில்லை. ஒருபுறம் மலைச்சரிவும் மறுபுறம் அயற் கட்டடமும் வெயிலை மறைத்துக்கொள்கின்றன. மாத்தளையிலிருந்த பழைய வீட்டை விட்டு வந்தபோது, அங்குள்ள மாடத்திலிருந்து ஒரு துளசிக் கன்றை மாத்திரம் அன்னையார் தம் கையிலே எடுத்து வந்தார். வெயிலின்றித் துளசி ஏது? ஆகவே பூசையறைக்கு அருகில் எல்.ஈ.டி. விளக்கொன்றைத் தொங்கவிட்டு, நாள்தோறும் 14 மணி நேரம் எரியவிட்டோம். செடி தழைத்தது. வீட்டார் அனைவரும் மகிழ்ந்தோம்.

எட்டு மாதங்கள் சென்றபின் இடர் தொடங்கிற்று. புதிய இலைகள் சிறுத்தன. காலையில் நீர் வார்த்தாலும் மாலையில் தலை சாய்ந்தது. நாம் நீரைக் கூட்டினோம், பசளையைக் கூட்டினோம், விளக்கையும் இன்னும் தாழ்த்தினோம். செடி மேலும் நலிந்தது. ஒருநாள் அன்னையார், "விளக்கையே பார்த்துக்கொண்டிருக்கிறாய் தம்பி, வேரைப் பார்த்தாயா?" என்றார். சாடியைச் சாய்த்துச் செடியை மெல்ல வெளியே எடுத்தோம். சாடியின் வடிவிலே வேர்கள் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்தன. மண்ணைத் தேடவேண்டியிருந்தது!

இதற்குக் காரணம் யாது? வெளியே நிற்குஞ் செடிக்குப் பருவங்கள் உண்டு. கண்டியிலே மழைக்காலத்து முகில் வானை மூடும் வாரங்களில் அதன் வளர்ச்சி தளரும். விளக்கின் கீழ் நிற்குஞ் செடிக்கோ முகிலுமில்லை, மாரியுமில்லை. ஆண்டு முழுவதும் ஒரே நீளப் பகல். ஆகவே அது ஓய்வின்றி வளர்கின்றது; வேரும் ஓய்வின்றிச் சாடியை நிரப்புகின்றது. ஆண்டுக்கொருமுறை சாடி மாற்றினாற் போதும் என்ற தோட்டக் கணக்கு இங்கே எப்போதும் பொருந்தாது. நாட்காட்டியைப் பாராமல் வேரைப் பார்த்தே வேளையை அறிதல் வேண்டும்.

சாடி என்பது செடிக்கு நிலையான வீடன்று, வழியிலே தங்கும் மடமே எனலாம். 1876ஆம் ஆண்டில் இலண்டன் கியூப் பூங்காவிலிருந்து 1,919 இறப்பர் நாற்றுகள் 38 கண்ணாடிப் பெட்டிகளில் அடைக்கப்பட்டு இலங்கைக்குக் கப்பலேறின. அவற்றுட் பெரும்பாலானவை உயிருடன் கரைசேர்ந்தன. ஆயினும், கடலைக் கடத்திய பெட்டிக்குள்ளேயே அவற்றை விட்டிருந்தால் நம் நாட்டில் இறப்பர்த் தோட்டம் உண்டாகியிராது. கம்பகாவிலுள்ள ஹெனரத்கொடப் பூங்காவில் நிலம் பெற்ற பின்னரே அவை மரங்களாயின.

வேர் இடங்கேட்கும் குறிகள் சில. அடித்துளை வழியே வேர்முனை வெளிப்படும். வார்த்த நீர் மண்ணில் ஊறாமல் விரைந்து வடிந்துவிடும். முன்னர் மூன்று நாள் தாங்கிய ஈரம் ஒரு நாளும் தாங்காது. புதிய இலை சிறுக்கும். ஆனால் இலை வாடியதும் இதுவேயென்று துணிந்துவிடலாகாது. நீர் மிகுந்து வேர் அழுகினாலும் இலை வாடும். விரலை மண்ணிற் புதைத்துப் பாருங்கள். ஈரமிருந்தும் வாடுமாயின் குற்றம் வேறு.

நோயை அறிந்தோம், மருந்திலே தவறினோம். அன்று நாம் செடியை 4 அங்குலச் சாடியிலிருந்து 12 அங்குலச் சாடிக்கு மாற்றினோம். இனி இடத்திற்குக் குறைவில்லை என்று இறுமாந்தோம். வேர் எட்டாத அத்தனை மண்ணும் நீரைப் பருகுவாரின்றி நாட்கணக்கில் ஈரமாய்க் கிடந்தது. காற்றின்றி வேர் அழுகிற்று. இரண்டு வாரத்தில் செடி பட்டுப்போயிற்று. அன்னையார் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. மாலையில் விளக்கேற்றியபோது அந்தச் சாடியை ஒரு கணம் பார்த்தார், அவ்வளவே.

நற்காலமாக, சாடி மாற்றிய அன்றே அவர் மூன்று இளங்கொம்புகளைக் கிள்ளி ஒரு குவளை நீரில் இட்டிருந்தார். அவை வேர்விட்டன. இன்று எம் வீட்டிலுள்ளது அவற்றின் வழிவந்த செடியே.

இப்போது நாம் கைக்கொள்ளும் முறை இது: பழைய சாடியைவிட ஓர் அங்குலம், மிஞ்சினால் இரண்டு அங்குலம் அகன்ற சாடியையே எடுக்கிறோம். செம்மண்ணுடன் கூட்டெருவும் தும்புத்தூளும் சிறிது மணலுஞ் சேர்க்கிறோம். முதல்நாளே நீர் வார்த்து, மறுநாள் மாலையில், சுற்றிய வேரை விரலாற் தளர்த்தி நடுகிறோம், பூங்கதிர்களைக் கிள்ளிவிடுகிறோம். அறுந்த வேர் உடனே நிறைய நீரை உறிஞ்சாதாகையால், ஒரு வாரத்திற்கு விளக்கைச் சற்று உயர்த்தி வைக்கிறோம். புதிய தளிர் தோன்றும்வரை பசளை இடுவதில்லை.

மூன்று மாதத்திற்கொருமுறை எம் பிள்ளைகள் சாடியைச் சாய்த்து வேரைப் பார்க்கின்றனர். பாட்டியார் அருகே அமர்ந்து, "இன்னும் வேளை வரவில்லை" என்றோ, "வந்துவிட்டது" என்றோ தீர்ப்புச் சொல்கிறார். இதுவரை அவர் தீர்ப்புப் பிழைத்ததில்லை.