வாக்குக் கணக்கு – 17: ஒரே தேதியில் இரண்டு அவைகள்

சென்ற வாரம் 2007 அக்டோபரில் நிறுத்தினோம். 377 போனது, ஆண்களுக்கிடையேயான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ தங்கியது. அதையும் நீக்கக் கோரும் மனுவைக் கொண்டுவந்த சியூ கும் ஹோங்கையும், அதை எதிர்த்துப் பேசிய தியோ லி-ஆனையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த வாரம் அரசமைப்புச் சட்டத்தின் 156ஆம் பிரிவைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காக 2022 விவாதத்தைப் படிக்க உட்கார்ந்தபோது ஒரு தேதி பிடித்துக்கொண்டது. நவம்பர் 29, செவ்வாய்க்கிழமை. அன்றுதான் நம் சிங்கப்பூர் நாடாளுமன்றம் 377ஏ பிரிவை நீக்க வாக்களித்தது. ஆதரவு 93, எதிர்ப்பு 3. வாஷிங்டனிலும் அதே தேதிதான். நமக்கும் அவர்களுக்கும் அப்போது 13 மணி நேர வித்தியாசம். இங்கே மறுநாள் விடிந்துகொண்டிருந்த வேளையில், அங்கே செனட் சபை ஓரினத் திருமணங்களுக்குக் கூட்டரசின் அங்கீகாரத்தை உறுதிசெய்யும் மசோதாவை நிறைவேற்றியது. 61க்கு 36.

தேதி பொருந்தியது தற்செயல்தான். ஆனால் இரண்டு வாக்குக் கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்தத் தொடர் முழுக்க நான் துரத்திக்கொண்டிருக்கும் கேள்வி அங்கேயே நிற்கிறது. ஓர் உறுப்பினரின் வாக்கு அவருடையதா, கட்சியுடையதா?

முதலில் வாஷிங்டன். அந்த மசோதா எதை நீக்கியது என்றால், 1996இல் அதே அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டத்தை. திருமணம் என்றால் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையில் மட்டும்தான் என்று கூட்டரசு அளவில் வரையறுத்த சட்டம் அது. செனட்டில் அன்று 85 பேர் ஆதரித்தார்கள், 14 பேர் எதிர்த்தார்கள். அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார். ஜனநாயகக் கட்சிக்காரர்கள் வரிசையாக ஆதரித்த காலம் அது. இன்றைக்கு இது ஜனநாயகக் கட்சிக்கும் குடியரசுக் கட்சிக்கும் நடுவே நிற்கும் சுவர் என்று நினைப்பவர்கள் அந்தப் பெயர்ப் பட்டியலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அந்த ஆதரவுப் பட்டியலில் மூன்று பெயர்களைத் தேடிப் பிடித்தேன். செனட்டில் டெலவேர் மாநிலத்தின் ஜோ பைடன். கீழவையில் நியூயார்க்கின் சக் ஷூமர். அதே கீழவையில் ஒஹாயோவின் ராப் போர்ட்மன். முதல் இருவரும் ஜனநாயகக் கட்சி, மூன்றாமவர் குடியரசுக் கட்சி. இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2022இல், போர்ட்மன் அந்தச் சட்டத்தை நீக்கும் மசோதாவை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். ஷூமர் அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்த பெரும்பான்மைத் தலைவர். டிசம்பர் 13 அன்று அதில் கையெழுத்திட்ட அதிபர் பைடன்.

போர்ட்மனின் மகன் 2011இல், கல்லூரியின் முதல் ஆண்டில், தான் தன்பாலீர்ப்பாளன் என்று பெற்றோரிடம் சொன்னார். அப்பா இரண்டு ஆண்டுகள் யோசித்தார். 2013 மார்ச்சில் தன் மாநிலத்துப் பத்திரிகையில் எழுதி, தன் நிலைப்பாடு மாறிவிட்டதை அறிவித்தார். மகன் சொன்னது காரணம் என்பதையும் மறைக்கவில்லை. ஷூமரின் மகள் ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டவர். நவம்பர் 29 அன்று ஷூமர் கட்டி வந்தது, மகளின் திருமணத்தன்று கட்டிய அதே ஊதா நிற டை. அவையிலேயே அதைச் சொன்னார். கண்ணுக்குத் தெரியும்படி நடந்த மனமாற்றங்கள் இவை. 1996இல் ஒரு வாக்கு, 2022இல் இன்னொரு வாக்கு. இரண்டும் பதிவேட்டில் இருக்கின்றன. ஏன் மாறினாய் என்று தொகுதி மக்கள் கேட்கலாம், அவர்களும் பதில் சொல்லியாக வேண்டும்.

செனட்டின் 61இல் 12 பேர் குடியரசுக் கட்சியினர். கீழவையில் இறுதி வாக்கெடுப்பு 258க்கு 169. அங்கே 39 குடியரசுக் கட்சியினர் ஆதரித்தார்கள்.

இனி நம் அவை. அந்த 3 எதிர்ப்பு வாக்குகளில் இரண்டு எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் ஜெரால்ட் கியாம், டென்னிஸ் டான் ஆகியோருடையவை. மூன்றாவது, நியமன உறுப்பினர் ஹூன் ஹியான் டெக்குடையது. அன்றே இன்னொரு வாக்கெடுப்பும் நடந்தது, திருமணத்தின் வரையறையை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாதபடி காக்கும் அரசமைப்புத் திருத்தத்துக்கு, அதாவது அந்த 156ஆம் பிரிவுக்கு. ஆதரவு 85, எதிர்ப்பு 2. அந்த இருவர் பாட்டாளிக் கட்சியின் சில்வியா லிம், ஹி டிங் ரு. ஒரே கட்சிக்குள் இரண்டு பேர் பழைய சட்டம் இருக்கட்டும் என்றார்கள். வேறு இரண்டு பேர் புதிய தடுப்பு வேண்டாம் என்றார்கள். பொதுச் செயலாளர் பிரித்தம் சிங் இரண்டு மசோதாக்களையும் ஆதரித்தார். 2007இல் இதே கட்சி, எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை என்று சில்வியா லிம் வாயால் சொல்லிவிட்டு ஒதுங்கியது. 2022இல் கொறடா உத்தரவை விலக்கியதால் அந்தக் கருத்து வேறுபாடு எந்தெந்த உறுப்பினருடையது என்று நமக்குத் தெரிந்தது.

ஆளும் மக்கள் செயல் கட்சி கொறடா உத்தரவை விலக்கவில்லை. அன்றைய துணைப் பிரதமர் லாரன்ஸ் வோங், அப்போதைய பிரதமரின் தேசிய தினப் பேரணி உரை முடிந்த கையோடு ஆகஸ்டிலேயே அதைச் சொல்லிவிட்டார். இது பொதுக் கொள்கை சார்ந்த விஷயம், தனிப்பட்ட மனசாட்சிக்கு விடும் விஷயம் அல்ல என்பது கட்சியின் வாதம்.

தேக்கா உணவங்காடியில் இந்தத் தொடரை விடாமல் படிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். டன்லப் ஸ்திரீட்டில் பல காலம் கடை வைத்திருந்தவர். தே ஆறுவதற்குள் கேட்டுவிட்டார்: "தம்பி, 93ன்னு எழுதுறீங்க. எங்க எம்.பி.க்கு உண்மையிலேயே சம்மதமா, இல்ல கட்சி சொன்னதுக்காகவா? சட்டத்தை எடுத்தது சரின்னு நினைக்கிறவன் நான். அவரும் அப்படித்தான் நினைச்சாரான்னு தெரிஞ்சுக்கணும்ல." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டு நாள் விவாதத்தில் அந்தக் கட்சியினர் பலர் பேசினார்கள். சிலர் தயக்கத்தையும் சொன்னார்கள். ஆனால் வாக்கு ஒரே பக்கம்தான் விழுந்தது.

இப்படிப்பட்ட விஷயத்தில் சுதந்திரமாக வாக்களிக்க விட்டால் நாடு இரண்டுபடும் என்ற அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. அமெரிக்காவில் இப்போது நடப்பதைப் பார்த்தால் அச்சப்படக் காரணம் உண்டு. கேலப் நிறுவனம் 2025இல் எடுத்த கருத்துக் கணிப்பில் ஜனநாயகக் கட்சியினரில் 88 விழுக்காட்டினர் ஓரினத் திருமணத்தை ஆதரித்தார்கள், குடியரசுக் கட்சியினரில் 41 விழுக்காட்டினர். சில ஆண்டுகளுக்கு முன் அந்த 41 பாதியைத் தாண்டி 55இல் இருந்தது. டிரம்ப் 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே, கூட்டரசுக்கு ஆண், பெண் என்ற இரண்டு பாலினங்கள் மட்டும்தான் என்று ஆணையிட்டார். திருநர்களின் கடப்பிதழ் முதல் ராணுவப் பணி வரை அதனாலும் அதைத் தொடர்ந்த ஆணைகளாலும் கேள்விக்குள்ளானது. ஒரு கட்சிக்குக் கொடியாகிவிட்ட உரிமை, அடுத்த தேர்தலில் இன்னொரு கட்சிக்கு இலக்காகிவிடுகிறது.

ஆனால் அந்தப் பிளவை அன்று கொஞ்சமாவது தாண்டியவர்கள் யார்? கட்சிக் கோட்டைக் கடந்து வாக்களித்த அந்த 12 பேரும் 39 பேரும்தான். சுதந்திரமாக வாக்களிக்க விட்டால் நாடு பிளந்துவிடும் என்பதற்கு அமெரிக்கா சான்று அல்ல. நம் நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1969இல் கருக்கலைப்பு மசோதாவுக்கு மக்கள் செயல் கட்சி கொறடா உத்தரவை விலக்கியது. அவையில் எதிர்க்கட்சியே இல்லாத காலம். எதிர்த்தவர்கள் அந்தக் கட்சியின் சொந்த உறுப்பினர்கள். மசோதா நிறைவேறியது, கட்சியும் உடையவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அந்த நம்பிக்கை குறைந்திருக்க வேண்டியதில்லை.

கொறடா இல்லாமலே 377ஏ நீங்கியிருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். 93 என்பது 80 ஆகியிருக்கலாம், 70 ஆகியிருக்கலாம். அந்த 70 எனக்கு 93ஐவிடப் பெரிதாகத் தெரியும். ஏனென்றால் இந்தச் சட்டம் யாருடைய தலைமேல் தொங்கியதோ அவர்களுக்கு, தங்கள் பக்கம் மனதாரக் கைதூக்கியவர்கள் யார் என்று தெரிந்திருக்கும். 1938இல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டமன்றத்தில் நுழைந்த பிரிவு அது. ஆண்கள் இருவர், மூடிய கதவுக்குள், சம்மதத்தோடு இருந்தாலும் இரண்டு ஆண்டு வரை சிறை. பிற்காலத்தில் அரசு அதைத் தேடிப்போய் அமல்படுத்துவதில்லை என்று சொன்னாலும் ஏட்டில் இருந்தது. ஜாலான் புசார் பக்கம் கிளந்தான் லேன் என்றொரு சின்னத் தெரு உண்டு. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். பால்வினை நோய்களுக்கான மருந்தகமும், பெயர் சொல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளும் இடமும் அங்கேதான் இருந்தன. அந்தப் படியேறிய ஆண்களில் பலருக்கு, மருத்துவரிடம் உண்மையைச் சொல்வதே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்வதாக இருந்தது. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு 93 என்ற எண் மட்டும் போதாது.

இந்தப் பிரிவை நீதிமன்றத்துக்கு முதலில் இழுத்தவர் நம்மவர், வழக்கறிஞர் எம். ரவி, 2010இல். 2018 செப்டம்பர் 6 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் அந்நாட்டின் 377ஆம் பிரிவின் வீச்சைச் சுருக்கியதும், நான்கே நாளில் இங்கே புதிய வழக்கு வந்தது. 2022 பிப்ரவரி 28இல் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பிரிவை அப்போதைக்கு அமல்படுத்த முடியாததாக்கியது. நாடாளுமன்றம் முந்திக்கொண்டதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம் என்பதை அமைச்சர் சண்முகமும் மறைக்கவில்லை. இதைத் தனியாகவே எழுத வேண்டும்.

156ஆம் பிரிவு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அது திருமணத்தை வரையறுக்கவில்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். வரையறுக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு என்று மட்டுமே சொல்கிறது. அப்படியானால் நாளை ஒரு சாதாரணப் பெரும்பான்மை அதை மாற்றலாமா, வீவக வீட்டுக்கு விண்ணப்பிக்கும் இரண்டு ஆண்கள் ஏன் இன்னும் 35 வயது வரை தனியாளாகக் காத்திருக்கிறார்கள், அந்த வாக்கெடுப்புக்காவது கொறடாவை விலக்குவார்களா என்பதையெல்லாம் அங்கே பார்ப்போம்.

(தொடரும்)